வந்தேறு குடிகளும் வாயில்லாச் சீவன்களும்

ஓர் ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவரை அவ்வூரார் முதன்முதலில் எப்பெயரால் அறிந்துகொள்கின்றனர் என்பதை நீங்கள் கவனித்ததுண்டா? அவர் கற்ற கல்வியோ, பார்த்த உத்தியோகமோ, வங்கியில் இட்டுவைத்த பணமோ அவர்களுக்குத் தெரியாது. "அந்தக் கறுப்பு நாய்க்காரர்", "இரண்டு பூனை வளர்க்கும் அம்மா" என்பனவே ஊர் அவர்க்குச் சூட்டும் முதற் பெயர்கள். ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்து மலைக்கிராமங்களிற் குடிபுகுந்த அந்நியர் பலர் இவ்வாறு தாம் வளர்க்கும் பிராணியின் பெயராலேயே ஊரவராயினர்.

பெயர் இலகுவிற் கிடைத்துவிடுகிறது. ஆயின் அதனோடு ஒரு கடனும் சேர்ந்தே வருகிறது. ஒரு நாய்க்குட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவது ஒரு நாட் காரியம். அதனை அதன் இறுதிநாள் வரை பேணுவது பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுக் காரியம். சொந்த ஊரிலேயே இக்கடனை இறுக்கத் தவறுவோர் உளர். வேற்று மொழி பேசும் ஊரில், உற்றார் எவருமற்ற முதுமையில் அதனை எவ்வாறு இறுப்பது? இதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

வெற்று வீடுகளும் வெளியூராரும்

ஐபீரியத் தீபகற்பத்தின் மிகவுயர்ந்த சிகரமாகிய முலாசேன் 3,479 மீட்டர் உயரமுடையது. அது நிற்கும் சியெரா நெவாடா மலைத்தொடரின் தென்சரிவில், மத்தியதரைக் கடலை நோக்கியவாறு அமைந்த பள்ளத்தாக்குகளின் தொகுதியே அல்புஹாரா. சுண்ணாம்பு பூசிய வெண்ணிற வீடுகள் அங்கே மலைச்சரிவிற் படிக்கட்டுப் போல் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன. தட்டையான கூரைகளின்மீது 'லௌனா' எனப்படும் சாம்பல்நிறக் களிமண்ணைப் பரப்பி மழைநீர் ஒழுகாமற் காப்பது அவ்வூர் வழக்கம்.

முற்காலத்தில் இவ்வீடுகளின் கீழ்த்தளம் கோவேறு கழுதைக்கும் ஆட்டுக்கும் பன்றிக்கும் உரியதாக இருந்தது. மேற்றளத்தில் மனிதர் வாழ்ந்தனர். மாரிகாலத்தில் விலங்குகளின் உடற்சூடு மேலே எழுந்து வீட்டாரின் குளிரைச் சிறிது தணித்தது. ஆகவே, பிராணிகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்வதென்பது அவ்வூருக்கு அந்நியர் கற்றுக்கொடுத்த பாடமன்று.

பனியுருகி வரும் நீரை மலைச்சரிவிலே வாய்க்கால் வழியாக நடத்திச்சென்று தோட்டங்களுக்குப் பாய்ச்சும் முறையை அங்கு வளர்த்தவர்கள் மூர் எனப்பட்ட முஸ்லிம் மக்கள். 'அசேக்கியா' என்னும் வாய்க்காலின் பெயரே அரபு மொழியினின்றும் பிறந்தது. அம்மக்களின் வழித்தோன்றல்கள் 1568 ஆம் ஆண்டிற் கிளர்ந்தெழுந்து, 1571 ஆம் ஆண்டளவில் அடக்கப்பட்டு, அம்மலையை விட்டு வெளியேற்றப்பட்டனர். அவர்கள் போனபின்னரும் வாய்க்கால்கள் ஓடுகின்றன. ஊரார் இன்றும் முறைவைத்தே அந்நீரைப் பாய்ச்சுகின்றனர்.

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாவது வெளியேற்றம் நிகழ்ந்தது. இம்முறை எவரும் துரத்தவில்லை, வறுமையே துரத்தியது. வாலிபர்கள் பார்சலோனாவின் தொழிற்சாலைகளுக்கும், ஜேர்மனிக்கும், சுவிற்சலாந்துக்கும் பிழைப்புத் தேடிச் சென்றனர். வீடுகள் பூட்டப்பட்டன. அவ்வாறு வெறுமையான உட்பிரதேசங்களைப் பற்றி 2016 ஆம் ஆண்டிற் செர்கியோ டெல் மொலினோ என்னும் எழுத்தாளர் ஒரு நூல் வெளியிட்டார். 'வெறுமையான ஸ்பெயின்' என்னும் பொருள்படும் அந்நூலின் பெயர் இன்று அந்நாட்டு அரசியல் மேடைகளிலும் வழங்குகிறது. அப்படிப் பூட்டப்பட்ட வீடுகளின் சாவியைத்தான் பிரித்தானியரும், ஜேர்மனியரும், ஒல்லாந்தரும் விலைகொடுத்து வாங்கினர்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ஜெரால்ட் பிரெனன் என்னும் ஆங்கிலேயர். முதலாம் உலகப் போரிலிருந்து மீண்ட அவர், குறைந்த செலவில் வாழ்ந்து நிறையப் படிக்கவேண்டும் என்னும் ஆவலுடன் 1920 ஆம் ஆண்டில் அல்புஹாராவிலுள்ள யேகன் என்னும் சிற்றூரில் வீடெடுத்தார். ஏறக்குறைய 2,000 புத்தகங்களை அங்கு வருவித்தார். அவ்வூர் வாழ்க்கையை அவர் விவரித்த 'கிரனாடாவுக்குத் தெற்கே' என்னும் நூல் 1957 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1923 ஆம் ஆண்டில் அவரைக் காண வர்ஜினியா வூல்ஃபும் அவர் கணவர் லெனாட் வூல்ஃபும் அம்மலைக்கு வந்தனர். லெனாட் வூல்ஃபை எம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். 1904 ஆம் ஆண்டில் இலங்கைச் சிவில் சேவைக்கு வந்து, யாழ்ப்பாணத்திற் கடமையேற்றவர் அவர். வோல்டேயரின் நூற்றொகுதியோடு சார்ள்ஸ் என்னும் நாயையும் அவர் இந்நாட்டுக்கு வருவித்தார். தனிமையை அஞ்சும் மனிதன் எத்திசைக்குக் கப்பலேறினாலும் புத்தகத்தையும் நாயையும் விட்டுச் செல்வதில்லைப் போலும்!

பிரெனனுக்குப் பின் வந்தவர்களிற் பெயர்பெற்றவர் கிறிஸ் ஸ்ரூவட். 'ஜெனிசிஸ்' இசைக்குழுவில் அதன் தொடக்க காலத்தில் மேளம் வாசித்த இவர், பின்னர் செம்மறியாட்டின் உரோமம் கத்தரிப்பதைத் தொழிலாகக் கொண்டார். ஓர்ஹிவா என்னும் ஊருக்கு அண்மையில், ஆற்றுக்கு அப்பால், பாதையும் மின்சாரமும் இல்லாத ஒரு பண்ணையை 1980களின் பிற்பகுதியில் வாங்கி மனைவியுடன் குடியேறினார். அவர் எழுதிய நூல் 1999 ஆம் ஆண்டில் வெளியாகிப் பெரும் புகழீட்டியது. அதன் தொடர்ச்சியாக வந்த நூலின் பெயரிலேயே ஒரு கிளி இருக்கிறது. எங்கிருந்தோ பறந்துவந்து அப்பண்ணையிற் குடிகொண்ட கிளி அது. அவர் மனைவியிடம் உயிரையே வைத்திருந்தது. அவரை மாத்திரம் கண்டால் அதற்கு ஆகாது. வீட்டின் எசமான் யார் என்பதை மனிதர் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விடியல் முதல் அந்தி வரை

கோடையில் நாளைத் தொடங்குவது நாயே. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெயிலேறிவிட்டாற் கற்பாதை நாயின் உள்ளங்காலைச் சுட்டுவிடும். ஆகவே, கிழக்கு வெளுக்குமுன் நாயை அழைத்துக்கொண்டு வாய்க்காலோரமாக நடந்துவிட வேண்டும். நீர்முறைக்குக் காத்துநிற்கும் முதியவர் மண்வெட்டியில் ஊன்றியபடி நாயைப் பார்ப்பார். பின்னர் ஆளைப் பார்ப்பார். அதன் பின்னரே காலை வணக்கம் சொல்வார்.

சிறிது நேரத்திற் பாண் வண்டி வரும். சாரதி ஊதுகுழலை அழுத்தியதும் கதவுகள் திறக்கும். துணிப்பையுடன் பெண்கள் கூடுவர். அந்நியரும் அங்கே நிற்பார். அவர் காலடியில் நாய் நிற்கும். "என்ன வயது?", "ஆணா, பெண்ணா?", "கடிக்குமா?" இம்மூன்று வினாக்களும் அவற்றிற்குரிய விடைகளுமே அந்நியர் பலர் கற்கும் முதல் ஸ்பானியப் பாடம். பள்ளிக்கூடத்திற் கற்கும் இலக்கணம் மறந்துபோகும். பாண் வண்டியடியிற் கற்றது மறவாது.

மொழியின் வேடிக்கையும் இங்கேதான் விளங்கும். நம் நாய் 'வள் வள்' என்று குரைக்க, ஸ்பானிய நாய் 'குவாவ் குவாவ்' என்று குரைக்கிறது. நம் சேவல் 'கொக்கரக்கோ' எனக் கூவ, அங்குள்ள சேவல் 'கிக்கிரிக்கீ' என்கிறது. பூனைக்கு ஒன்பது உயிர் என்று ஆங்கிலேயர் சொல்வர். ஸ்பானியரோ ஏழு உயிர் என்பர். இங்கிலாந்திலிருந்து வரும் பூனை எல்லையைக் கடக்கும்போதே இரண்டு உயிரை இழந்துவிடுகிறது!

நண்பகலில் ஊர் அடங்கிவிடும். சன்னற் பலகைகளை இழுத்து மூடி, தரையோட்டின் குளிர்ச்சியில் நாய் ஒருபுறமும் மனிதர் ஒருபுறமும் சாய்ந்துகொள்வர். வெயில் தாழ்ந்தபின்னரே வாசலிற் கதிரைகள் வரும். முதியோர் அமர்ந்து கதைபேசுவர். கடற்கரையிலிருந்து மீன் வண்டி வந்த நாளாயின் பூனைகளும் அக்கூட்டத்திற் கலந்துகொள்ளும்.

மாரிகாலத்தில் இம்முறை முற்றாக மாறிவிடும். தெற்கு ஸ்பெயினிற் குளிரே இல்லையென்று எண்ணி வருவோர் முதல் மாரியிலேயே ஏமாந்துபோவர். தடித்த கற்சுவர் கோடைக்கு இதமானது. மாரியிலோ குளிரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒலிவ விறகு அடுப்பில் எரிய, செம்மஞ்சள் நிற எரிவாயுச் சிலிண்டர் ஒன்று அறை மூலையிலே நிற்க, நாயும் பூனையும் பழைய பகையை மறந்து ஒரே பாயிற் படுத்திருக்கும்.

ஜனவரி 17 ஆந் தேதி புனித அந்தோனியார் திருநாள். கால்நடைகளின் காவலராகக் கொண்டாடப்பெறும் இவரை ஸ்பானியர் 'சான் அன்தோன்' என்பர். முதல்நாளிரவு பல ஊர்களிற் சொக்கப்பானை போன்று பெருந்தீ வளர்ப்பர். மறுநாள் குதிரை, கழுதை, நாய், பூனை, கோழி, கூண்டுக் கிளி யாவும் கோயில் வாசலுக்குக் கொண்டுவரப்பட, குருவானவர் தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிப்பார். அந்நாளிலே அந்நியரின் நாயும் ஊர் நாய்களோடு வரிசையில் நிற்கும்.

மயிர்க்கொட்டியும் மணல் ஈயும்

திருநாள் முடிந்து வாதுமை மரங்கள் பூக்குங் காலத்தில், புதிதாய் வந்தவர் அறியாத ஓர் ஆபத்து மரத்தினின்றும் இறங்குகிறது. பைன் மரக் கிளைகளில் வெள்ளைப் பஞ்சுப்பை போன்ற கூடுகள் தொங்கும். அவற்றுள் வாழும் மயிர்க்கொட்டிகள் மாரியின் கடைசியிலும் இளவேனிலின் தொடக்கத்திலும் நிலத்துக்கு இறங்கி, ஒன்றன் வாலை மற்றொன்றின் தலை தொட, ஊர்வலம் போல நீண்ட வரிசையிற் செல்லும். மண்ணுட் புதைந்து கூட்டுப்புழுவாவதற்கே இப்பயணம். தெற்குப் பிரான்சில் வாழ்ந்த பூச்சியியலறிஞர் ஃபாபர், 1896 ஆம் ஆண்டில் இவ்வினப் புழுக்களை ஒரு பூச்சாடியின் விளிம்பிற் சுற்றவிட்டுப் பார்த்தார். முன்செல்வதைத் தொடர்வதன்றி வேறறியாத அவை ஏழு நாட்கள் அவ்விளிம்பையே சுற்றிவந்தனவாம்.

அறிவியல் மாணவர்க்கு இது வியப்பு. நாய்க்கோ இது யமன். புழுவின் உடலிலுள்ள கண்ணுக்குப் புலனாகாத முட்கள் நஞ்சுடையவை. ஆவலால் அவ்வரிசையை முகர்ந்த அல்லது நக்கிய நாயின் நாக்கு வீங்கும். சிகிச்சை தாமதித்தால் நாக்கின் ஒரு பகுதி அழுகி விழுந்துவிடவுங் கூடும். தேய்க்காமல், இளஞ்சூடான நீரால் வாயைக் கழுவி, உடனே மிருக வைத்தியரிடம் ஓடவேண்டும். இயற்கை இதற்கு மாற்றும் வைத்துள்ளது. கொண்டலாத்திப் பறவை தன் நீண்ட அலகால் மண்ணைக் கிண்டி அக்கூட்டுப்புழுக்களைத் தின்னும்.

கோடையின் பகைவன் இதனினும் சிறியது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவேயுள்ள மணல் ஈ, ஓசையின்றி அந்தியில் வந்து கடிக்கும். அதனாற் பரவும் லீஷ்மேனியா நோய் மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் நாய்களைப் பெரிதும் பீடிக்கிறது. நாய் மெலியும், கண்ணைச் சுற்றி மயிர் உதிரும், நகம் அளவுக்கு மிஞ்சி நீளும், ஈற்றிற் சிறுநீரகம் பழுதடையும். மருந்துகளால் நோயை அடக்கிவைக்கலாம். கிருமியை முற்றாக ஒழிப்பது அரிது. ஆதலின் மருந்தூட்டிய கழுத்துப்பட்டியை அணிவித்து, இரவில் நாயை வீட்டினுள்ளே படுக்கவைப்பர்.

இந்நோய்க் குடும்பத்தின் வரலாற்றில் நம் அயலூர் ஒன்றின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. 1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் லீஷ்மனும், சென்னைப் பொது வைத்தியசாலையிற் பணியாற்றிய டொனவனும் தனித்தனியே காலா அசார் நோயின் கிருமியைக் கண்டனர். இருவர் பெயரையும் இணைத்தே அக்கிருமிக்குப் பெயரிடப்பட்டது. ஸ்பெயினில் நாய்களை வாட்டுவது அதன் உடன்பிறப்பாகிய வேறொரு வகை.

இவ்விடத்தில் அந்நியர் ஓர் உண்மையை உணர்கின்றனர். எந்த மரத்தடியில் நாயை விடலாகாது, எந்த மாதத்தில் எப்பாதையைத் தவிர்க்கவேண்டும் என்பவற்றையெல்லாம் அயல்வீட்டு முதியவரே கையைப் பிடித்துக் காட்டுகிறார். நூல்கள் நோயின் பெயரைச் சொல்லும். அது நம் ஊரில் எந்த மரத்திலிருந்து இறங்குகிறதென்பதை அயலவரே சொல்வார்.

வேலைக்காரனா, வீட்டுப் பிள்ளையா?

எனினும் அயலவருக்கும் அந்நியருக்கும் இடையே மனத்தாங்கல் விளைவதும் பெரும்பாலும் நாயினாலேயே. மலைநாட்டு விவசாயிக்கு நாய் ஒரு தொழிலாளி. பருத்த மஸ்தீன் நாய் ஆட்டுமந்தையைக் காவல் செய்யும். நிமிர்ந்த காதுடைய பொடென்கோ முயலை எழுப்பும். ஒடுங்கிய உடலுடைய கல்கோ வெட்டவெளியில் முயலை ஓடிப்பிடிக்கும். தொழில் செய்யும் நாய்க்கு இடம் முற்றம்; கட்டிலன்று. அந்நியருக்கோ நாய் பிள்ளைக்குச் சமானம். அது சாய்மனைக் கதிரையில் உறங்கும். அதன் பிறந்தநாளும் கொண்டாடப்படும். சங்கிலியிற் கட்டப்பட்ட நாயைக் கண்டு அந்நியர் முகஞ்சுளிப்பார். கம்பளிச் சட்டை அணிந்த நாயைக் கண்டு விவசாயி சிரிப்பார்.

இருவர் பக்கத்திலும் நியாயமுண்டு. இருவர் பக்கத்திலும் குற்றமுமுண்டு. கல்கோவின் வேட்டைக்காலம் ஜனவரியோடு முடிவடைவது பெரும்பான்மை வழக்கம். அதன்பின் பயன்படாத நாய்கள் பல தெருவில் விடப்படுகின்றன. அவற்றை எடுத்து வளர்க்கும் காப்பகங்கள் அந்நாட்களில் நிரம்பி வழிகின்றன. அங்கிருந்து பல நாய்கள் ஜேர்மனிக்கும், ஒல்லாந்துக்கும், பிரித்தானியாவுக்கும் வளர்ப்புப் பிள்ளைகளாகச் செல்கின்றன. வடக்கேயிருந்து மனிதர் தெற்கே குடியேற, தெற்கேயிருந்து நாய்கள் வடக்கே குடியேறுகின்றன!

இதைச் சுட்டிக்காட்டி உள்ளூராரைப் பழிக்கும் அந்நியர் சிலர், தம் இனத்தாரின் குற்றத்தைக் காண்பதில்லை. பொழுதுபோக்குக்காகக் குட்டியை வாங்கி வளர்த்து, மனம் மாறியபோது அதே காப்பகத்தின் படலையிற் கட்டிவிட்டு விமானமேறுவோர் அவர்களுள்ளும் உளர். வேட்டை முடிந்ததும் விடுவதற்கும் விடுமுறை முடிந்ததும் விடுவதற்கும் நாயின் கண்ணுக்கு வேற்றுமை ஏது?

சட்டம் வகுத்த எல்லை

ஸ்பானியச் சட்டமும் இவ்விஷயத்தில் அண்மையில் வெகுவாக மாறியுள்ளது. 2022 ஆம் ஆண்டு ஜனவரி 5 ஆந் தேதி நடைமுறைக்கு வந்த குடியியற் சட்டத் திருத்தத்தின்படி, பிராணிகள் வெறும் பொருள்களல்ல, உணர்வுடைய உயிர்கள். கணவனும் மனைவியும் மணவிலக்குப் பெறுமிடத்து வளர்ப்புப் பிராணி யாரிடம் வாழவேண்டும் என்பதை, அதன் நலனையும் கருதி நீதிபதி தீர்மானிக்கலாம். கடனுக்காக அதனைக் கைப்பற்றுதலும் ஆகாது.

2023 ஆம் ஆண்டு செப்டெம்பர் 29 ஆந் தேதி அமுலுக்கு வந்த மற்றொரு சட்டம், நாயைத் தொடர்ந்து 24 மணி நேரத்துக்கு மேற் கண்காணிப்பின்றித் தனியே விடலாகாது என்கிறது. ஏனைய வளர்ப்புப் பிராணிகளுக்கு இவ்வெல்லை மூன்று நாட்கள். நாயையும் பூனையையும் வழக்கமாக மேன்மாடத்திலோ, களஞ்சிய அறையிலோ, வாகனத்திலோ வைத்து வளர்த்தல் குற்றம். பூனைகளுக்கு ஆறு மாதம் நிறையுமுன் கருத்தடை செய்வித்தல் வேண்டும். தோலின்கீழ் அரிசிமணியளவான ஒரு சில்லைப் பதித்து, உரிமையாளரின் பெயரைப் பதிவுசெய்தலும் கட்டாயம். வேட்டை நாய்களும் மந்தை நாய்களும் இச்சட்டத்தினின்றும் விலக்கப்பட்டமை பெரும் வாதப்பிரதிவாதங்களைக் கிளப்பியது. ஆகவே, தொழிலாளியா பிள்ளையா என்னும் பழைய வழக்குக்குப் பாராளுமன்றமும் முற்றான தீர்ப்பு வழங்கவில்லை என்றே சொல்லவேண்டும்.

கூண்டு திறந்த கிளி

நாயைக் கைவிட்டாற் கண்முன்னே துன்பந் தெரியும். பறவையைக் கூண்டைத் திறந்து விட்டுவிடுவதோ பலருக்குப் புண்ணியச் செயலாகத் தோன்றுகிறது. அதன் விளைவைக் காண மலையைவிட்டுச் செவில்லா நகரத்துக்கு ஒருமுறை சென்றுவர வேண்டும். அங்குள்ள மரியா லுயிசா பூங்காவில் நம் வளவு மரங்களிற் காணும் அதே பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாய்க் கத்துகின்றன. இந்தியா, இலங்கை முதலிய நாடுகளையும் ஆபிரிக்காவையும் தாயகமாகவுடைய இவ்வினம், கூண்டுப் பறவையாக ஐரோப்பாவுக்குச் சென்று, தப்பியும் விடப்பட்டும் அங்கே பெருகிவிட்டது.

அப்பூங்காவின் முதிய மரப்பொந்துகளில் ஐரோப்பாவின் மிகப் பெரிய வௌவால் இனங்களுள் ஒன்று வாழ்ந்து வந்தது. கிளிகள் அப்பொந்துகளைக் கைப்பற்றி, வௌவால்களைத் தாக்கிக் கொன்று விரட்டுவதை 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. இக்கிளியும், தென்னமெரிக்காவிலிருந்து வந்த அதன் இனத்தாராகிய மற்றொரு கிளியும், ஸ்பெயினின் ஊடுருவும் அந்நிய இனங்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டுள்ளன. கிளி செய்த குற்றம் யாது? கூண்டிலிட்டுக் கடல்கடத்தியவரும் மனிதர்; வளர்க்க மனமின்றித் திறந்துவிட்டவரும் மனிதர். பட்டியலில் ஏறியது மாத்திரம் கிளியின் பெயர்.

புறப்படும் நாள்

அயலூரில் வாழ்வோர்க்கு எல்லாவற்றிலும் கடினமான நாள் ஒன்றுண்டு. அது வந்து சேர்ந்த நாளன்று, புறப்படும் நாள்.

ஐம்பத்தைந்து வயதில் மலைமேல் வீடு வாங்கிய தம்பதியருக்கு எழுபத்தைந்து வயது வருகிறது. படிகள் செங்குத்தாகின்றன. வைத்தியசாலை தொலைவிலிருக்கிறது. ஒருவர் இறந்துவிட மற்றவர் தனித்துப்போகிறார். பிள்ளைகள் தாய்நாட்டுக்கு அழைக்கின்றனர். மகன் வசிக்கும் அடுக்குமாடி வீட்டில் நாய் வளர்க்க அனுமதியில்லை. இத்தகைய கதை அம்மலையில் ஒரு வீட்டின் கதையன்று.

சட்டங்களும் இத்துயரைக் கூட்டியதுண்டு. 2000 ஆம் ஆண்டு வரை ஐரோப்பாவிலிருந்து பிரித்தானியாவுக்குச் செல்லும் நாய், விசர்நாய்க்கடி நோயின் அச்சத்தால், ஆறு மாதம் தனிக்கூண்டிற் காவலிருக்க வேண்டும். அவ்வாண்டிலேயே தடுப்பூசியும் தக்க பத்திரங்களுமுடைய பிராணிகளுக்கு அவ்விதி தளர்த்தப்பட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதன் பயனாக, 2021 ஆம் ஆண்டு தொடக்கம் அந்நாட்டில் வழங்கப்பட்ட பிராணிக் கடவுச்சீட்டுகள் ஒன்றியத்துட் செல்லுபடியாகாமற் போயின. வதிவிட உரிமை பெறாத பிரித்தானியர் 180 நாட்களில் 90 நாட்களே தங்கலாம் என்னும் விதியும் அவர்களைப் பிடித்தது. பாதி ஆண்டு இங்கும் பாதி ஆண்டு அங்குமாய் வாழ்ந்தோர், தங்கள் பிராணிகளை யாரிடம் ஒப்படைப்பதென்று தடுமாறினர்.

அனுபவசாலிகள் புதிதாக வருவோர்க்குச் சொல்லும் புத்திமதி மூன்று வினாக்களில் அடங்கும். நான் பயணம் போகும்போது இதனைப் பார்ப்பவர் யார்? நான் நோயுற்றால் இதற்கு உணவிடுபவர் யார்? நான் இறந்தால் இது போகும் வீடு எது? இம்மூன்றுக்கும் ஒரு மனிதரின் பெயரை விடையாகச் சொல்ல முடிந்தவரே குட்டியைக் கையில் எடுக்கலாம். அப்பெயரை மரணசாசனத்தில் எழுதி, அம்மனிதரின் சம்மதத்தையும் முன்னரே பெறுதல் வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர் குட்டியை விட்டு, காப்பகத்திலுள்ள வயதான நாயொன்றை எடுப்பது இன்னும் நன்று. முதிய நாய் அதிகம் ஓடக் கேளாது. பெரும்பாலும் எசமானுக்கு முன்னரே கண்மூடும். வெளியே ஓடும் பிள்ளையிலும் அருகே அமரும் துணை முதுமைக்கு உகந்ததல்லவா?

இம்மூன்று வினாக்களுக்கும் விடையாகச் சொல்லப்படும் பெயர் பெரும்பாலும் அயல்வீட்டாரின் பெயராகவே இருக்கும். கம்பளிச் சட்டையணிந்த நாயைக் கண்டு சிரித்த அதே விவசாயி, அந்நியர் வைத்தியசாலையிலிருக்கும் வாரத்தில் அந்நாய்க்கு இரவில் மிச்சச் சோறும் எலும்பும் கொண்டுவந்து வைப்பார். அவர் அதனை அன்பென்று சொல்லமாட்டார். அயல் என்பது அப்படித்தான் என்பார்.

முன்னர்க் கூறிய ஜெரால்ட் பிரெனனின் கடைசிக் காலத்தை இங்கு நினைவுகூர்தல் தகும். உள்நாட்டுப் போர் மூண்டபோது தாய்நாடு திரும்பிய அவர், 1953 ஆம் ஆண்டில் மீண்டும் ஸ்பெயினுக்கு வந்து, மாலாகா மாகாணத்தில் வாழ்ந்து முதுமையெய்தினார். 1984 ஆம் ஆண்டில், தமது 90 ஆவது வயதில், பராமரிப்பார் இன்றி இலண்டனின் புறநகரிலுள்ள முதியோர் இல்லமொன்றிற் சேர்க்கப்பட்டார். செய்தி ஸ்பெயினிற் பரவியபோது மக்கள் மனங்கொதித்தனர். அவர் கடைசியாக வசித்த அல்ஹௌரீன் எல் கிரான்டே ஊராரும் அந்தலூசிய அதிகாரிகளும் முயன்று, அவ்வாண்டிலேயே அவரைத் திரும்ப அழைத்துவந்து, பராமரிக்கத் தாதியரையும் ஒழுங்குசெய்தனர். 1987 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவ்வூரிலேயே அவர் உயிர் நீத்தார்.

தம்மிடம் வந்து தங்கியவனை அம்மக்கள் இறுதிவரை கைவிடவில்லை. அவர்களுடைய ஊரில் வீடு வாங்கிக் குடியிருப்பவர், தம் வாசலில் வந்து படுத்த வாயில்லாச் சீவனுக்குச் செய்யவேண்டியதும் அதுவே.